உப்பை மறுக்கும் மரம்

பிச்சாவரம் கழியில் நீர் வற்றும் நேரத்தில் இருளர் குடும்பங்கள் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பதுண்டு. வலையோ தூண்டிலோ இல்லை. கலங்கிய நீருக்குள் கண்ணால் பயனில்லை. சேற்றில் விரல் பட்டது கல்லா, கிளிஞ்சலா, மக்கிய குச்சியா, இறாலா என்பதை விரலே சொல்ல வேண்டும். தொட்டால் இறால் துள்ளி விலகும். அது துள்ளுவதற்குள் கை மூடிவிட வேண்டும். உயிருள்ளது எது, உயிரற்றது எது என்ற கேள்வி அந்தக் கையில் ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது.

அதே சேற்றில் இன்னொரு பொருளும் கிடக்கும். பச்சையாக, நீளமாக, கூர்முனையோடு ஒரு குச்சி. தொட்டால் துள்ளாது, சுருங்காது. அது சுரபுன்னை மரத்தின் கன்று. சுரபுன்னை தன் விதையைக் கீழே உதிர்ப்பதில்லை. விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கி வளர்ந்து, பிறகே விழுகிறது. சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே வேர்விடும். நீரில் விழுந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் ஊன்றும். பக்கத்தில் கிடக்கும் காய்ந்த சுள்ளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. துள்ளல் இல்லை, ஆனால் உயிர் இருக்கிறது. அப்படியானால் உயிரின் அடையாளம்தான் என்ன?

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இந்தக் காட்டை வைத்தே அந்தக் கேள்வியை விசாரித்துப் பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இன்று செழித்திருப்பது இங்கேதான். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கிருந்து சிறு தொலைவுதான். பரங்கிப்பேட்டையில் 1961இல் அமைந்த அதன் கடலுயிரியல் நிலையம் இந்தக் கழிமுகத்தைத் தலைமுறைகளாக ஆராய்ந்து வருகிறது.

பழைய கோடுகள்

தமிழ் இலக்கணம் உலகத்தை இரண்டாகப் பிரித்தபோது, அந்தக் கோட்டை உயிருக்கும் உயிரின்மைக்கும் நடுவே இழுக்கவில்லை. உயர்திணையில் மக்கள், அஃறிணையில் மாடும் மரமும் கல்லும் ஒன்றாகவே நிற்கின்றன. நன்னூல் இதை ஐயத்துக்கு இடமின்றி வகுத்தது: மக்கள், தேவர், நரகர் நீங்கலாக எஞ்சியவை உயிருள்ளவையானாலும் இல்லாதவையானாலும் அஃறிணையே. திணைப் பிரிவுக்கு அளவுகோல் பகுத்தறிவு, உயிர் அன்று.

உயிருக்கான அளவுகோல் தொல்காப்பிய மரபியலில் வருகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அது படிவரிசையில் நிறுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பி இனமும் இரண்டறிவு. எறும்பும் கரையானும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு, விலங்கினம் ஐந்து, மனம் சேர்ந்த மனிதருக்கு ஆறு. படிவரிசையின் அடிப்படியில் உள்ள அந்த ஒரே அறிவு தொடு உணர்வு. பட்டதை உணர்வதே உயிரின் குறைந்தபட்ச இலக்கணம் என்று அந்த நூல் கருதியது. கழியில் தடவும் கையின் சோதனையும் அதுவே.

பிச்சாவரம் கிடக்கும் இதே கடலூர்க் கரையில் இன்னொரு கோடும் இருந்தது. இன்றைய திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பெயர்பெற்ற சமணப் பள்ளியின் இடம். சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகத்தில் இருந்து சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்ததாக அதன் பிற்கால வடமொழி வடிவம் சொல்கிறது. அந்தப் பாடலிகம் திருப்பாதிரிப்புலியூரே என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். சமணர்களும் புலன்களை எண்ணியே உயிர்களை வகுத்தார்கள். ஆனால் அவர்களுடைய ஓரறிவு உயிர்கள் புல்லோடும் மரத்தோடும் நிற்கவில்லை. மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்றார்கள். மண்ணை வெட்டுவதற்கும் நீரை இறைப்பதற்கும் கூட ஒரு சமண முனிவர் தயங்கியதற்கு இந்தக் கோடுதான் காரணம்.

ஒரே தமிழ்நிலம், ஒரே முறையிலான எண்ணிக்கை. ஆனாலும் மண்ணும் நீரும் கோட்டின் எந்தப் பக்கம் என்பதில் இரு மரபுகளும் பிரிந்தன. இரண்டு பக்கத்திலும் கூர்ந்து பார்த்த மனிதர்களே இருந்தார்கள். கேள்வி எவ்வளவு கடினமானது என்பதற்கு அதுவே சான்று.

பள்ளிப் பட்டியல்

நம் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பட்டியல் தருகின்றன. உயிருள்ளவை உண்ணும், சுவாசிக்கும், கழிவை வெளியேற்றும், வளரும், அசையும், தூண்டலுக்குத் துலங்கும், இனம் பெருக்கும். அவை செல்களால் ஆனவை. பிழையான பட்டியல் இல்லை. ஆனால் அதை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே எடுத்துப் போனால் ஒவ்வொன்றும் தடுமாறுகிறது.

வளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். உப்பளப் பாத்தியில் கடல்நீர் காயக் காய, உப்புப் பரல்கள் நம் கண்முன் வளர்கின்றன. சின்னப் பரல் பெரிதாகிறது; பெரிதான பின்னும் அதே கனசதுர வடிவம்தான். உயிரைப் போல அளவும் ஒழுங்கும் சேர்ந்த வளர்ச்சி. உண்பது, சுவாசிப்பது, கழிப்பது மூன்றையும் அடுப்பில் எரியும் தீ செய்கிறது: விறகைத் தின்கிறது, காற்றை இழுக்கிறது, சாம்பலையும் புகையையும் விடுகிறது. போதாததற்குக் கூரைக்குக் கூரை பரவிப் பெருகவும் செய்கிறது. அசைவைக் கேட்டால் கழியின் நீரே நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது.

தூண்டலுக்குத் துலங்குவது? இதைத்தான் ஜகதீச சந்திர போஸ் சோதித்தார். 1902இல் வெளியான அவருடைய நூலின் பெயரே உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் துலங்கல் என்பதுதான். தகரக் கம்பியை முறுக்கித் தூண்டி, அதில் எழும் மின் துலங்கலைக் கோடாகப் பதிந்தார். தொடர்ந்து தூண்டினால் கம்பி களைத்தது, துலங்கல் குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டது. நச்சுப் பொருள் பட்டால் துலங்கல் அற்றுப்போனது. தசையிலும் தாவரத்திலும் கிடைத்த வரைகோடுகளின் பக்கத்தில் தகரத்தின் கோட்டை வைத்தபோது எது எதனுடையது என்று பிரிப்பது கடினமாக இருந்தது. துலங்கல் ஒன்றை மட்டும் வைத்து உயிருக்கு வேலி போட முடியாது என்பதை அந்தச் சோதனைகள் காட்டின.

இனப்பெருக்கம் எஞ்சுகிறது. இங்கே தில்லை மரமே நம்மை மறித்து நிற்கிறது. தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் தில்லை ஒருநாளும் காய்க்காது. தனித்து நின்றால் பெண் தில்லைக்கும் விதை இல்லை. பிச்சாவரத்தில் இதைவிடக் கடுமையான சான்று உண்டு. 1990களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கே. கதிரேசன் இங்கே ஒரு சுரபுன்னை மரத்தை அடையாளம் கண்டு, பல்கலைக்கழகத்தின் பெயராலேயே ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். அது இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம் என்று பிறகு தெரியவந்தது. கோவேறு கழுதையைப் போன்ற நிலை: மரம் ஓங்கி வளர்கிறது, பூக்கிறது, ஆனால் சந்ததி தருவது அரிது. இனம் பெருக்காத மரத்துக்கு உயிரில்லை என்று அதன் கீழ் படகில் போகும் யாராவது சொல்வார்களா?

இரண்டு சங்கடங்கள்

இன்னும் இரண்டு பொருட்களைப் பார்த்துவிட வேண்டும். இரண்டும் இந்தக் கடற்கரையின் இறால் வளர்ப்போருக்கு நன்கு தெரிந்தவை.

ஒன்று வெண்புள்ளி நோயின் வைரஸ். 1994 வாக்கில் இந்தியாவின் கிழக்குக் கரைப் பண்ணைகளில் பரவிய அந்த நோய், குட்டை குட்டையாக இறாலைக் கொன்று, கடன் வாங்கி முதல் போட்டவர்களை நொடிக்க வைத்தது. இவ்வளவையும் செய்தது எது? இறாலின் செல்லுக்கு வெளியே இருக்கும்போது அந்த வைரஸ் உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, வளர்வதில்லை. புரத உறைக்குள் மடித்து வைத்த மரபுச் செய்தி, அவ்வளவே. செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல்லின் கருவிகளையே பிடித்துக்கொண்டு தன் நகல்களை ஆயிரக்கணக்கில் செய்விக்கிறது. 1935இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகத்தைக் கரைத்துப் புகையிலைச் செடிக்குக் கொடுத்தால் நோய் வந்தது. புட்டியில் இருந்தவரை அது ஒரு வேதிப்பொருள். செடிக்குள் போனதும் ஒரு நோய்.

மற்றொன்று ஆர்ட்டீமியா. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு இரையாகத் தரப்படும் உவர்நீர்ச் சிற்றுயிரி. அதன் முட்டைகள் உலர்ந்த பழுப்புப் பொடியாக டப்பாவில் வருகின்றன. பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அந்தக் காலம் முழுவதும் அவற்றின் உள்வேலை ஏறத்தாழ நின்றிருக்கும். உப்புநீரில் போட்டுக் காற்றைச் செலுத்தினால் ஒரே நாளில் பொரிந்து நீந்தும். டப்பாவில் இருந்தபோது அந்தப் பொடி உயிருள்ளதா?

சிதம்பரம் வட்டாரத்தில் விதைநெல் வைத்திருக்கும் எந்த விவசாயியும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறார். காய்ந்த நெல் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது. ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூட்டம் போட்டால், உள்ளே கைவிட்டுப் பார்க்கும்போது சூடு தெரியும். வெளியிலிருந்து வந்த சூடு இல்லை. ஒவ்வொரு நெல்லும் தன் மாவுப்பொருளை எரித்துத் தருவது. அந்தச் சூடு வராத மூட்டையில் முளைக்கு நம்பிக்கை இல்லை.

உழைப்பு என்னும் அடையாளம்

மூட்டையின் சூட்டில் விடையின் பாதி இருக்கிறது. மறுபாதி பிச்சாவரத்தின் உப்பில்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நெற்பயிர் தாங்காத அந்த நீரில்தான் இந்தக் காடு நிற்கிறது. இங்குள்ள வெண்கண்டல் மரத்தின் இலையை உற்றுப் பார்த்தால் அதன்மேல் உப்புப் பொடி பூத்திருக்கும். நாவில் வைத்தால் கரிக்கும். இலையில் உள்ள நுண் சுரப்பிகள் உள்ளே வந்த உப்பை வெளியே தள்ளுகின்றன. உப்பு செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்குத் தானாகப் போகாது; தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும். செல்கள் சர்க்கரையை எரித்து அந்த ஆற்றலைச் செலவிடுகின்றன. எரிப்பது நின்றால் தள்ளுவதும் நிற்கும்.

சுரபுன்னையின் வழி வேறு. அது உப்பில் 90 சதவீதத்துக்கும் மேலாக வேரிலேயே தடுத்துவிடுகிறது. 1960களில் ஷொலாண்டர் என்ற உடலியங்கியல் அறிஞர் உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களை ஆராய்ந்தபோது ஒரு வியப்பான உண்மை கிடைத்தது. வேரைக் குளிரவைத்தாலும், செல்களின் சுவாசத்தை முடக்கும் நச்சுகளைக் கொடுத்தாலும், வடிகட்டல் தொடர்ந்தது. அதாவது வேரின் வடிகட்டி அந்த நேரத்தில் வெறும் பௌதிகக் கருவியாகவே இயங்குகிறது. மேலே வெயிலில் இலைகள் நீரை ஆவியாக விடும்போது மரத்துக்குள் எழும் இழுவிசை நீரை மட்டும் உறிஞ்ச, உப்பு வெளியே நின்றுவிடுகிறது.

அப்படியானால் வேரின் வேலையும் உயிரற்ற வேலைதானா? ஒரு கணம் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த வடிகட்டியைக் கட்டியது யார்? மெழுகு போன்ற பொருளைச் செல்சுவர்களில் பூசி, நுண்சவ்வுகளை அடுக்கி, பழுதானதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது அந்த வேரின் செல்கள்தான். இலைகள் விரிந்து நிற்பதும் செல்களின் உழைப்பால்தான். மரம் செத்தால் வடிகட்டி உடனே மறைவதில்லை. ஆனால் பழுதுபார்க்க ஆளில்லாமல் சில நாளில் சவ்வுகள் குலைந்து, வேருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே உப்பு என்றாகிவிடுகிறது. சேற்றுக்கும் வேருக்கும் இருந்த வேறுபாடு கரைந்துபோகிறது.

வேறுபாட்டை உழைத்துக் காப்பது என்ற இந்தச் செய்கையைத்தான் நான் உயிரின் முதல் அடையாளமாகக் கொள்கிறேன். இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1944இல் எழுதிய உயிர் என்றால் என்ன என்ற சிறு நூலில் இதன் அடிப்படையை விளக்கினார். பொருள்கள் யாவும் ஒழுங்கு குலைந்து சமநிலையை நோக்கிப் போகின்றன. உயிரி மட்டும் வெளியிலிருந்து ஒழுங்கை உணவாக எடுத்துக்கொண்டு, அந்தக் குலைவைத் தன்னளவில் ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த வெளிச்சத்தில் பட்டியலைத் திரும்பப் பார்க்கலாம். உப்புப் பரல் வளர்வது சமநிலையை நோக்கி. கரைசலில் மிகுதியானது படிகிறது, அவ்வளவுதான். நெல் வளர்வது சமநிலைக்கு எதிராக. தீ விறகைத் தின்பது உண்மை. ஆனால் தின்றதைக் கொண்டு தன் உடலில் எதையும் கட்டுவதில்லை, பழுதும் பார்ப்பதில்லை. செல்லுக்குள்ளும் எரிதல் நடக்கிறது; அங்கே அது படிப்படியாக, கிடைத்த ஆற்றலைக் கையில் பிடித்து வேலைக்கு அனுப்பும் எரிதல். ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 80 வாட் வெப்பம் தருகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால் இது சூரியன் வெளியிடும் ஆற்றலைவிடப் பல ஆயிரம் மடங்கு. சும்மா இருப்பதற்கே உயிர் கொடுக்கும் விலை இது. போஸின் தகரம் களைத்தது, மீண்டது. ஆனால் மீள்வதற்காக அது எதையும் சம்பாதிக்கவில்லை. இறால் துள்ளியதோ தன்னைக் காத்துக்கொள்ள. துலங்கல் இரண்டிலும் உண்டு. காக்க வேண்டிய தான் என்ற ஒன்று இறாலுக்கு மட்டுமே உண்டு.

கைமாறி வரும் செய்தி

உழைப்பு ஒன்றே போதுமா என்றால், போதாது. எப்படி உழைப்பது என்ற அறிவு எங்கிருந்து வருகிறது? சுரபுன்னைக் கன்று தாய்மரத்தில் தொங்கும்போதே உப்பைத் தடுக்கும் வேரின் திட்டத்தை டி.என்.ஏ. வடிவில் பெற்றுவிடுகிறது. தாய் அதன் தாயிடமிருந்து பெற்றது. லூயி பாஸ்டர் 1860களில் அன்னக்கழுத்துக் குடுவைகளை வைத்து நிறுவியபடி, கெட்டுப்போகும் சூப்பில் கூட உயிர் புதிதாக முளைப்பதில்லை; ஏற்கெனவே இருக்கும் உயிரிலிருந்தே வருகிறது. இன்றுள்ள எல்லா உயிர்களும், இறாலும் நெல்லும் நாமும், மிகச் சிறு மாறுதல்களைத் தவிர ஒரே மரபுக் குறியீட்டையே படிக்கிறோம். ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் கைமாறி வந்த செய்தி அது. கைமாறும்போது நேரும் சிறு பிழைகளிலிருந்துதான் உப்பைத் தடுக்கும் வேரும் உப்பைக் கக்கும் இலையும் வந்தன. 1990களில் நாசா கூட்டிய அறிஞர் குழு உயிருக்கு வகுத்த இலக்கணமும் இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னது: தன்னைத் தாங்கிக்கொள்ளும் வேதி அமைப்பு; பரிணாமத்துக்கு உட்படக்கூடியது.

ஆக, அடையாளங்கள் இரண்டு. இப்போது உழைத்து வேறுபாட்டைக் காப்பது ஒன்று. அந்த உழைப்பின் முறையைப் பரம்பரையாகப் பெற்றிருப்பது மற்றொன்று. வைரஸுக்கு இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. அதனால்தான் அது கோட்டின்மேல் நிற்கிறது. மலடான கலப்புச் சுரபுன்னைக்கு முதலாவது முழுமையாக உண்டு. இரண்டாவதைப் பெற்றிருக்கிறது, அடுத்த கைக்குத் தரத்தான் முடியவில்லை. அது உயிர் என்பதில் ஐயமில்லை. ஆர்ட்டீமியா முட்டையும் விதைநெல்லும் உழைப்பை நிறுத்திவைத்து, அதற்கான கருவிகளைக் குலையாமல் மூடிவைத்திருக்கின்றன. ஆனால் என்றென்றைக்கும் அப்படி வைத்திருக்க முடியாது. விதைநெல் பழசானால் முளைக்காது என்பது விவசாயிக்குத் தெரியும். கல் எவ்வளவு பழசானாலும் சாகாது. சாகக்கூடியது என்பதே விதை உயிரோடிருந்ததற்குச் சாட்சி.

உருவம் மட்டும் மிஞ்சியவை

சாவுக்குப் பின் என்ன மிஞ்சும் என்பதையும் இந்த நிலம் காட்டுகிறது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில், கடலூரின் பெயர் கொண்ட மணற்கல் படிவத்தில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணடியில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் இடத்தை நுணுக்கமாகப் பிடித்துக்கொண்டதால் மரத்தின் வரிகள் கூட அப்படியே தெரியும். உருவம் முழுவதும் இருக்கிறது, உயிர் இல்லை. நெய்வேலியில் இதற்கு நேர்மாறு. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரிய பொருள், பழங்காலச் சதுப்புக் காடுகளின் மிச்சமான பழுப்பு நிலக்கரி. அங்கே உருவம் போய்விட்டது. அந்தக் காடுகள் வெயிலிலிருந்து சேர்த்த ஆற்றல் மிஞ்சியிருக்கிறது. நாம் அதை எரித்து விளக்கேற்றுகிறோம். உருவத்திலோ ஆற்றலிலோ தனியாக உயிர் இல்லை என்பதற்கு இந்த இரண்டு இடங்களும் இரண்டு சாட்சிகள்.

வாய்க்கால்

இது ஏட்டளவில் நிற்கும் விசாரணை இல்லை. இதை மறந்ததற்குப் பிச்சாவரம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பல பத்தாண்டுகள், விறகுக்காக இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. நிழலில்லாத சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு உழைத்தாலும் மறுக்க முடியாத அளவு உப்பு. புதிதாக வந்த கன்றுகளும் செத்தன.

காரணத்தைக் கண்டறிந்தது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் அந்நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராமங்களின் மக்களும் சேர்ந்து, குழிந்த நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர் ஏறியது, இறங்கியது. தேங்கிய உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு கண்டல் கன்றுகளை நட்டார்கள். வெறுஞ்சேறாகக் கிடந்த இடங்கள் மீண்டும் பச்சையாயின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, மரங்களின் மறைவில் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை இந்தக் கடற்கரையில் செய்த ஆய்வுகள் பதிவு செய்தன. மரம் எவ்வளவு காத்தது, மேட்டு நிலமும் தொலைவும் எவ்வளவு காத்தன என்று அறிஞர்களிடையே விவாதம் நடந்தது, அதுவும் நல்லதே. 2022இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகளில் கழியில் இறால் தடவும் கைகளும் உண்டு. மண்வெட்டியால் உயிரைச் செய்ய முடியாது. அவர்கள் அதற்கு முயலவும் இல்லை. வேறுபாட்டைக் காக்கும் வேலையை மரம் பரம்பரையாக அறிந்து வைத்திருக்கிறது. அந்த வேலை தாங்கக்கூடிய அளவுக்கு உப்பைக் குறைத்துக் கொடுப்பதுதான் மனிதர் செய்யக்கூடியது. அவர்கள் தண்ணீருக்கு வழி திறந்தார்கள். நட்ட குச்சி, சுள்ளி போலச் சும்மா நின்றது. பிறகு ஒருநாள் அதன் நுனியில் இரண்டு இலைகள் விரிந்தன. உப்பு வேருக்கு வெளியே நின்றது.